மூன்றாவது செட்

என் அக்கா வீட்டுக்காரரை டயர் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தராசு என்றால்தான் தெரியும். புதிதாக ஒரு ரப்பர் கலவை வந்தால், அதை டயராக்கி வண்டியில் மாட்டி அவரிடம் கொடுப்பார்கள். சோதனைத் தடத்தில் நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கி, இது சரி, அது சரியில்லை என்று சொல்லுவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. எனக்கு அதே இடத்தில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை. வீட்டில்தான் அத்தான், அங்கே நானும் சார் போட்டுத்தான் பேச வேண்டும். அதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு நாங்கள் டயர் செய்தோம். பெரிய வண்டி என்றால் அதன் பாரமே டயரை அழுத்திச் சூடேற்றும். சூடானால் ரப்பர் இளகி ரோட்டைப் பிடிக்கும். இதுவோ பாரமே இல்லாத வண்டி. கெட்டியான கலவையைப் போட்டால் சூடேறாமல் வழுக்கும். மெத்தென்று போட்டால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்து, வாங்கியவர் நம் சட்டையைப் பிடிப்பார். பிரேக் போட்டால் எங்கே நிற்கிறது என்பதை மெஷின் சொல்லிவிடும். ஈரமான வளைவில் வழுக்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் ஒரு எச்சரிக்கை வருகிறதா என்பதை மனுஷன்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அத்தானுக்குச் சம்பளம். இரண்டு கலவைகளில் கெட்டியானதை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த டயரோடு கார் விற்பனைக்குப் போனது. அவர் மகளே ஒன்று வாங்கினாள்.

பிறகு புகார் வர ஆரம்பித்தது. குளிரான காலையில் லேசாகத் தூறினால்கூட, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதாம். ஒருவர் சுவரில் கொண்டுபோய் மோதி, தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டத் தெரியாதவன்லாம் கார் வாங்கினா, அதுக்கு டயரா பொறுப்பு?" என்று அத்தான் சீறினார். நானும் பலமாகத் தலையாட்டினேன். எங்கள் அத்தானாயிற்றே, விட்டுக்கொடுப்பேனா?

சோதனைப் பிரிவைக் கவனிக்கும் இன்ஜினியரம்மா வாக்குவாதம் செய்யவில்லை. மறுபடியும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். மூன்று செட் டயர். எழுத்து இருக்கும் இடமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முதல் செட்டும் மூணாவது செட்டும் ஒரே கலவைதான். உங்களோட இருக்கட்டும். சார்கிட்ட மூச்சு விடக்கூடாது."

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. தராசையே எடை போடுகிறார்களாம்! இரண்டும் ஒன்றுதான் என்று அத்தான் போட்டு உடைக்கப் போகிறார், இந்த அம்மா அசடு வழியப் போகிறார் என்று குஷியாக நட்டு முடுக்கினேன்.

வழக்கமாக இன்னொரு டிரைவரும் இருப்பார். அவர் முதலில் ஓட்டுவார், டீ குடிக்கும்போது இருவரும் பேசிக்கொள்வார்கள், பிறகு அத்தான் ஏறுவார். அன்று அவர் லீவு. தடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டோம்.

முதல் செட் முடிந்து இறங்கினார். "வெண்ணெய் மாப்ள, வெண்ணெய்!"

இரண்டாவது முடிந்ததும், "கொஞ்சம் முரண்டு பிடிக்குது. பரவால்ல," என்றார்.

மூன்றாவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். இறங்கிக் கதவைச் சாத்தினார். "இது ஆகவே ஆகாது. வளைவுல பின்பக்கம் ஆடுது. இதை ரோட்டுல விட்டா கொலைக் கேஸ்தான்."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

சாயங்காலம் மேனேஜர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். இன்ஜினியரம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார். "சார், முதல் செட்டும் மூணாவது செட்டும் ஒண்ணுதான்."

"முதல் தடவை தடம் சரியா நனைஞ்சிருக்காது."

"ஆரம்பத்துலேர்ந்தே ஒரே அளவு தண்ணிதான் சார்."

"அப்ப காத்து கம்மியா இருந்திருக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. என் வேலையிலேயே கை வைக்கிறாரே! ஆனால் அவர் கண் என்னைக் கெஞ்சியது. ஊரையே மிரட்டுகிற மனுஷன், எல்லார் முன்னாலும் என்னைக் கெஞ்சினார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "காத்து பார்த்தீங்களா?" என்றார்.

நான் என்ன செய்வேன்? "மூணுக்கும் ஒரே அளவுதான் சார்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அத்தான் மேஜையைப் பார்த்தபடி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உடை மாற்றும் அறைக்கு அவர் பின்னாலேயே போனேன். பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு கூரான ஜல்லிக்கல் விழுந்தது. சாக்ஸ் நனைந்து சிவப்பாக இருந்தது.

"அத்தான், ரத்தம்!"

குனிந்து பார்த்தார், யாருடைய காலையோ பார்ப்பதுபோல. "தெரியல மாப்ள," என்றார். சாக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளாவே தெரியல. சர்க்கரை. பாதம் மரத்துப் போச்சு. இப்ப விரலும்."

"அப்ப போன தடவை டயர் எடுத்தீங்களே?"

"எப்பவும் அந்த டிரைவர் டீ குடிக்கும்போது சொல்றத வச்சு ஓட்டிட்டு இருந்தேன். அன்னைக்குப் பார்த்து, 'நீங்க சொன்னா சரி சார்'னுட்டார். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாள் உழைக்குமேன்னு கெட்டியானத சொல்லிட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" கத்திவிட்டேன்.

"வெக்கமா இருந்துச்சு மாப்ள."

வெட்கமாம்! சுவரில் மோதியவரின் எலும்பு முறிந்து கிடக்கிறது, இவருக்கு வெட்கமாம். ஓங்கி நாலு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. சாக்ஸை உருவி, துணியால் காலைக் கட்டினேன்.

மேலே தகரக் கூரையில் சடசடவென்று மழை விழ ஆரம்பித்தது. அத்தான் விருட்டென்று நிமிர்ந்தார். "பாப்பா ஆபீஸ் விடுற நேரம். போன் போடு, போன் போடு!" என்று பதறினார். அவர் விரலுக்குப் போன் மசியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாப்பா, இன்னைக்கு வண்டிய எடுக்காத. பஸ்ல போ."

"ஏம்ப்பா? ஏறி உட்கார்ந்துட்டேன். சும்மா மழைதானே?"

"எடுக்காதன்னா எடுக்காத!"

அவள் சிரித்தாள். "அப்பா, இதுல இருக்கறது நீங்க பார்த்து எடுத்த டயர்ப்பா. எனக்கென்ன பயம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். இந்த முறை என்னிடம் எதையும் கெஞ்சவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அதனாலதாம்மா சொல்றேன். இறங்கு."