கால் ஊன்றினால்தான் பதில்

“இல்ல. ரெண்டாவது. வியாழக்கிழமை. ஃபேனை நிறுத்திட்டுப் பாரு. அதை நான் நேர்ல வந்துதான் பாக்கணும். ஆமா, சாப்பிட்டாச்சு.”

சிக்னலில் வண்டி நின்று இடது கால் தரையைத் தொட்ட மறுநொடி, தராசு அக்கா இந்த ஆறு பதில்களையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, “என்னம்மா?” என்றார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அக்கா காலைத் தூக்கினார், வாயை மூடினார், கிளம்பிவிட்டோம். ஃபேனை நிறுத்துவதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு அந்த மனிதர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

கேள்விகள் ஒரு மளிகைக் கடைக்காரருடையவை. கடந்த நாலு கிலோமீட்டராக அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கடையின் எடை மெஷின், தட்டில் ஒன்றும் வைக்காதபோதே எட்டு கிராம், பன்னிரண்டு கிராம் என்று காட்டுகிறதாம். பின்சீட்டில் இருந்த எனக்கும் ஸ்பீக்கர் வைத்த ஒரு ஹெல்மெட் கொடுத்து அதையும் போனோடு சேர்த்துவிட்டிருந்தார் அக்கா. அதனால் கடைக்காரர் இருமியதுகூட எனக்குக் கேட்டது. அக்காவின் பக்கமிருந்து மட்டும் காற்றின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

“சக்கரம் உருளும்போது காது மட்டும்தான் தம்பி. கால் ஊனினாத்தான் வாய்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு வயது ஐம்பது. ஆனாலும் தம்பிதான். ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த உரிமை உண்டு.

அக்காவின் தொழில் எடை மெஷின் பழுது பார்ப்பது. கடைகள், கிடங்குகள், மருந்தகங்கள், குழந்தையை நிறுக்கும் சின்னத் தட்டு முதல் மூட்டையை நிறுக்கும் தரைத் தராசு வரை எல்லாம். வண்டியோ நெடுந்தூரம் போகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய மோட்டார் சைக்கிள். முன்னால் கண்ணாடித் தடுப்பு, சோபா மாதிரி சீட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. இளவட்டங்கள் அந்தப் பெட்டியில் கூடாரமும் தூங்கும் பையும் வைப்பார்கள். அக்கா எடைக்கல் வைத்திருக்கிறார். இடது பக்கம் இருபது கிலோ, வலது பக்கம் இருபது கிலோ. ஒரு பக்கத்திலிருந்து ஒரு கிலோ கல்லை எடுத்தால் மறுபக்கத்திலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. சாப்பாட்டு டப்பா இடது பெட்டியில், அதே கனத்துக்குத் தண்ணீர் பாட்டில் வலது பெட்டியில். சாப்பாடு காலியானால் தண்ணீரையும் குடித்துத் தீர்க்கிறார்.

அவரைப் பற்றி எழுத வந்த என்னைச் சும்மா ஏற்றிவிடவில்லை. முதல் நாள் காலையில் அவர் வீட்டு முன்னறையில் இருந்த தரைத் தராசில் நிற்க வைத்தார். “எழுபத்து நாலு கிலோ அறுநூறு. பை ரெண்டே கால். பையைத் தோள்ல மாட்டாதே, ஒரு பக்கமா இழுக்கும். மடியில வச்சுக்கோ.” மருத்துவரிடம்கூட எழுபத்திரண்டு என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றோடு அந்தப் பொய் போனது.

அக்காவின் பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்தப் போன் சட்டம் அத்துப்படி. மணி இரண்டு முறை அடித்ததும் ஹெல்மெட் தானாகவே அழைப்பை எடுத்துக்கொள்ளும். அவர்கள் ‘ஹலோ’ சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை அலமாரியில் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அலமாரி பதில் சொல்லும். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள்தான் பாவம். ‘ஹலோ ஹலோ’ என்று கத்திவிட்டு, ஊமையோடு பேச நமக்கென்ன தலையெழுத்து என்று வைத்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் பரம திருப்தி அடைந்தவர் ஒருவர்தான், அக்காவின் வீட்டுக்காரர். வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர், சாதுவான மனிதர். “கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சு முடிச்சேன்னா, அது அவ ஹெல்மெட்டுக்குள்ளதான்” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பிற்பகலில் மெஷினை மிதித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார். வீட்டில் இருந்தால் அக்கா முதல் வரியிலேயே வெட்டிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் பழக்கத்தில் சம்மதமில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. காதில் ஒருவர் பேசினால் பாதி மனம் அங்கே போய்விடும், மீதி மனம்தான் ரோட்டுக்கு. இதைச் சொன்னேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

“சரிதான். அதுக்குத்தான் இது.” இடது கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு கறுப்புப் பொத்தானைக் காட்டினார். “மழை, மண் ரோடு, சந்து, பள்ளிக்கூட வாசல். யாரா இருந்தாலும் கட். பெத்த தாயே பேசினாலும் கட். ரோடு சரியா இருந்தா மட்டும் கேப்பேன். பேச மட்டும் மாட்டேன். பேசறவனுக்குத்தான் கண்ணு மறைக்கும் தம்பி, எதிராளியை ஜெயிக்கணும்னு தோணிடும்.”

வண்டி அவர் வாங்கியதல்ல. அவர் மகன் இருபத்து நாலு வயதில் உலகத்தைச் சுற்றிவரப் போகிறேன் என்று வாங்கினான். இரண்டு முறை போனான். முதுகு வலிக்கிறது என்று வந்தான். அலுவலக வேலை கிடைத்தது, வண்டிக்கு ஒரு போர்வை கிடைத்தது. அக்கா அப்போது ஒரு சின்ன ஸ்கூட்டரில் எடைக்கற்களை இரண்டு தவணையாக ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் போர்வையை உருவி மடித்து வைத்துவிட்டுச் சாவியைக் கேட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. அண்ணன்காரர் வந்து, “இந்த வயசுல உனக்கு இது தேவையா?” என்றாராம். “வயசு எனக்குத்தானே ஆகுது, வண்டிக்கு ஆகலையே” என்று அக்கா சொன்ன பிறகு அவர் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வண்டியின் காகிதங்கள் மட்டும் இன்னும் மகன் பெயரில்தான் இருக்கின்றன.

அன்றைய கடைசி வேலை ஒரு தானியக் கிடங்கு. மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றிருந்தார். “உங்க மெஷின் மூட்டைக்கு நானூறு கிராம் கம்மி காட்டுது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லி மேல எழுதப் போறேன்” என்றார்.

அக்கா இரண்டு பெட்டியிலிருந்தும் ஐந்தைந்து கிலோ கற்களை எடுத்து வந்து தட்டின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். மூன்று மூலை சரியாகக் காட்டியது. நாலாவது மூலை முரண்டு பிடித்தது. வலது காலை மடக்கி, இடது காலை நீட்டியபடியே தரையில் உட்கார்ந்தார். அந்தக் கால் முழுதாக மடங்குவதில்லை. டார்ச்சை அடித்து, ஒரு கம்பியைத் தட்டுக்கு அடியில் விட்டு எதையோ இழுத்தார். நசுங்கிப்போன ஒரு பேப்பர் கப் வெளியே வந்தது.

“மெஷின் பொய் சொல்லல சார். நீங்க குடிச்சுட்டுப் போட்ட கப்புதான் தட்டைக் கீழேருந்து தாங்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கு.”

மேற்பார்வையாளர் அந்தக் கப்பைப் பார்த்தார், பிறகு மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கிடங்கு நிழலில் மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும்போதுதான் அந்தக் காலைப் பற்றிக் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன்னால் வண்டி அதன் மேல் சாய்ந்திருக்கிறது. வண்டி இருநூற்று அறுபது கிலோ, கல் நாற்பது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, நாலு மாதம் படுக்கை.

“போன்ல பேசிட்டே போய் விழுந்தாள்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லிட்டாங்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓடற வண்டியில நான் விழல தம்பி. நின்ன வண்டியில விழுந்தேன். அது தெரியுமா உனக்கு?”

அன்று லைனில் இருந்தது மகன். ஏதோ தேடிக்கொண்டிருந்திருக்கிறான். “அம்மா, கத்தரிக்கோல் எங்கே? அம்மா, லைன்ல இருக்கியா? அம்மா!” என்று மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவது ‘அம்மா’வில் இருந்த எரிச்சலைக் கேட்டு, சிக்னல் வரைக்கும் காத்திராமல் அக்கா வண்டியை ஓரம் கட்டினார். கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் அங்கே பரவிக் கிடந்ததைப் பார்க்கவில்லை. இடது காலை ஊன்றினார். கால் வழுக்கியது, முந்நூறு கிலோவும் மேலே வந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, காலு தரையிலதானே இருக்கு? ‘மேல் டிராயர்ல, இடது பக்கம்’னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கத்தினேன்.”

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவரே சிரிப்பை நிறுத்தினார். “அந்தச் சத்தம் பூரா அவன் காதுல விழுந்திருக்கு. வண்டி விழுந்தது, நான் கத்தினது, ஆளுங்க ஓடி வந்தது, எல்லாம். அன்னையிலேருந்து அவன் அந்தக் கத்தரிக்கோலைத் தொடறதில்ல. அவங்க அப்பா துணி வெட்டறதுக்கு வேற வாங்கிட்டு வந்துட்டான். வண்டியைக் குடுத்துடு, குடுத்துடுன்னு ஏழு மாசமா ஒரே பாட்டு. நல்ல பையன். நான் சொல்லாம விக்கக் கையெழுத்துப் போட மாட்டான். அதனால நானும் சொல்ல மாட்டேன்.”

“அவர் பயப்படுகிறார் இல்லையா?”

“பயப்படட்டும். நானும்தான் பயந்தேன், அவன் நடக்கப் பழகினப்போ. அதுக்காகக் கட்டிலோட கட்டிப் போட்டேனா?” எழுந்து காலை உதறிக்கொண்டார். “தப்பு என்னோடதுதான். பதில் சொல்ற அவசரம். இனிமே எவனுக்காகவும் அவசரப்பட்டு ஊன மாட்டேன். வண்டியை விட்டுட்டு மறுபடி ஸ்கூட்டர்ல ரெண்டு தவணை அடிக்கச் சொல்றியா? நாப்பது கிலோ கல்லும் முப்பது கடையும் இருக்கற வரைக்கும் நான் ஏறிக்கிட்டேதான் இருப்பேன்.”

கற்களைப் பெட்டிகளில் அடுக்கி, என் பை மடியில்தான் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளப்பினார். மாலை நாலரை மணி இருக்கும். வெயில் இறங்கியிருந்தது, ரோடு நன்றாக இருந்தது.

நகரத்துக்குள் நுழையும்போது ஹெல்மெட்டில் மணி இரண்டு முறை அடித்தது. மகனின் குரல்.

“அம்மா, நான்தான். நீ பேச வேண்டாம், கேளு. வண்டியைப் பாக்க ஒருத்தர் வந்திருக்கார். வீட்டு வாசல்லதான் நிக்கறார். நல்ல மனுஷன், பத்திரமா வச்சுப்பார். இன்னைக்கே குடுன்னு நான் கேக்கல. ஒரு தேதி சொல்லு. இந்த மாசமோ அடுத்த மாசமோ, அவர் காத்திருக்கேங்கறார். வீட்ல கேட்டா நீ சமையலறைக்குள்ள போயிடறே. அதான் போன்ல கேக்கறேன். போன்ல கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விட்டதில்லன்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கறே? கால் ஊனினதும் தேதி சொல்லு.”

மகன் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான். அவர் சட்டத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டான்.

அக்காவின் கட்டைவிரல் கறுப்புப் பொத்தானுக்குப் போனது. அதன் மேல் ஒரு கணம் இருந்தது. மழை இல்லை, மண் ரோடு இல்லை. விரல் திரும்பி வந்துவிட்டது.

“அந்தக் காலை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கும்மா வண்டியைத் தாங்குவே?” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னொரு தடவை அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியாதும்மா.”

முதல் சிக்னல் பச்சையாக இருந்தது, தாண்டிவிட்டோம். இரண்டாவது, தூரத்திலேயே சிவப்பு. கம்பத்தின் மேல் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இருபத்தாறு, இருபத்தைந்து.

அக்கா வேகத்தைக் குறைத்தார். மூன்றாவது கியர், இரண்டாவது, முதல். எங்களை ஒரு சைக்கிள் தாண்டியது. பிறகு தள்ளுவண்டியோடு நடந்துபோன ஒருவர் தாண்டினார். கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை வலது காலால் தொட்டுத் தொட்டு, வண்டியை நடக்கிற வேகத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வண்டி, கல், அக்கா, நான், என் மடியில் இரண்டே கால் கிலோ பை, இத்தனையும் இரண்டு சக்கரத்தில் நின்றுகொண்டே நகர்ந்தது. என் கால்கள் இரண்டும் கீழே போகத் துடித்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட ஒரு பக்கமாக விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது, எட்டு.

“ஹாரன் சத்தம் கேக்குது. சிக்னல் வந்துடுச்சா? அம்மா, ஊனிட்டியா?”

சிக்னல் கோட்டுக்கு இரண்டு கை தூரத்தில் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. ஒருமுறை இடது பக்கமாக, அந்தக் காலின் பக்கமாகவே சாய்ந்தது. அக்காவின் இடது பூட்ஸ் மிதிக்கட்டையை விட்டு இறங்கியது. ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இடைவெளி. அங்கேயே நின்றது. இரண்டு பெட்டியிலும் கற்கள் லேசாக முனகின. கைப்பிடியை ஒரு நூல் அளவு திருப்பினார். வண்டி மெல்ல நிமிர்ந்தது.

மூன்று, இரண்டு, ஒன்று.

“அம்மா?”

பச்சை விழுந்தது. தரையைத் தொடாத அந்தக் கால் மேலே ஏறி, முன்னால் நகர்ந்து, இரண்டாவது கியரைப் போட்டது.