எழுபதுக்கு அறுபத்து மூன்று

யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலிருந்த எங்கள் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையும் கனடாவில்தான். என் பழைய வெள்ளி நாணயத்தைத் தரம் பார்ப்பவர்களும் அங்கேதான். ரொறன்ரோ மைத்துனர் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுபதுக்கு அறுபத்து மூன்று புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடித் தந்தார்கள். கண் தெரியாதவர்கள்! பெட்டியை உடைத்து, பழைய புள்ளியை மறைத்து, மறுபடி அனுப்பினேன். அறுபத்திரண்டு வந்தது.

"இன்னொருக்கா அனுப்பப் போறன்."

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி.

"மகளின்ர சாதகத்தை நீர் எத்தினை பேரிட்டக் காட்டினனீர்?"

கொட்டாஞ்சேனைச் சாத்திரியார் பொருத்தம் நூற்றுக்கு ஐம்பது என்றதை மறைத்து, தெஹிவளைச் சாத்திரியாரிடம் எண்பது வாங்கி வந்தவள் அவள்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அக்கறையோடு கேட்டாள்:

"அந்த ரெண்டு தரமும் ராகு காலத்திலயோ அனுப்பினனீங்கள்?"