பொலிஸிடம் கேட்டு வாங்கிய என் குரல்

என் கழுத்தைப் பிடித்தவர் யார் என்பதை நிரூபிக்கப் பொலிஸுக்கு விண்ணப்பம் போட வேண்டி வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நடந்தது என் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். பார்த்தது என் மகள். ஏழு வயதுப் பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நான் மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஓர் அறைக்கு வந்து சில மாதங்களில், பிள்ளை தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று என் கணவர் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய மனுவில் நான் மனநிலை சரியில்லாதவள், கற்பனையில் பேசுபவள். அவரோ கை நீட்டியே அறியாத உத்தமர். அதை எனக்கு வாசித்துக் காட்டிய சொலிசிட்டர், ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: அரசாங்கச் செலவில் எனக்காக வாதாட வேண்டுமென்றால், வீட்டில் அடி நடந்ததற்குச் சான்று வேண்டும்; சான்று இல்லாவிட்டால் நான் தனியே நின்று என் அரைகுறை ஆங்கிலத்தில் அவருடைய வக்கீலோடு மோத வேண்டியதுதான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சான்றுக்கு என்ன பஞ்சம்? அன்றைக்கு மேல்வீட்டுக்காரி கூப்பிட்டுப் பொலிஸே வீட்டுக்கு வந்தது. என் அக்கா சட்டனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஓடி வந்து, பக்கத்தில் இருந்து, நான் சொன்னதையெல்லாம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு வந்தால் கதை முடிந்தது.

முதலில் போனது கவுன்சிலுக்கு, இங்கத்தைய நகரசபைக்கு. எங்கள் ஆட்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், குப்பை எல்லாமே கவுன்சில்தான். பொலிஸ் கோப்பும் அங்கேதான் ஒரு அலமாரியில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு அரைநாள் வரிசையில் இருந்தேன். பொலிஸின் பதிவைப் பொலிஸிடமும் நீதிமன்றத்தின் பதிவை நீதிமன்றத்திடமும் கேட்க வேண்டும் என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். என்னைப் பற்றிப் பொலிஸ் என்ன எழுதி வைத்திருந்தாலும் அதைக் கேட்டுப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறதாம், காசும் கட்டத் தேவையில்லையாம். நான் இரண்டாம் தரமும் கேட்டு உறுதிப்படுத்தினேன். ஊரில் பொலிஸிடம் போய் என் கோப்பைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால், கேட்டதற்காகவே இன்னொரு கோப்பு திறந்திருப்பார்கள்.

அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வந்த பொலிஸ்காரன் இளம் பெடியன். என்னைக் கதிரையில் இருத்தி, தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் யார்? யாரோ ஒருவருடைய மச்சாள். கோயிலில் பின்வரிசையில் இருப்பவர். குரலைக் கேட்டதும் எந்த ஊர், யாருடைய மகள் என்று பிடித்துவிடுவார். விடிவதற்குள் என் கழுத்துக் காயம் சட்டனிலிருந்து லண்டனின் மறுமுனை ஃபாரஸ்ட் கேட் வரை போய்விடும். முன்பின் தெரியாத தமிழர் ஒருவருக்குப் பயந்து, "மை சிஸ்டர், மை சிஸ்டர்" என்று அக்காவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்க மாட்டார்கள்.

விண்ணப்பித்துச் சில வாரங்களில் பதிவு வந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து கைபேசியில் திறந்தேன். சில வரிகள்தான். கணவன் மனைவிக்கிடையில் வாய்த்தர்க்கம். அடி எதுவும் நடக்கவில்லை என்று பெண் தன் சகோதரி மூலம் தெரிவித்தார். மேல் நடவடிக்கை இல்லை. இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அந்தப் பொலிஸ்காரன் மேல்தான். வேலை முடித்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டான், கறுத்த தோலென்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று பொருமிக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அவங்கள் அப்பிடித்தான்," என்றாள் அக்கா. "நான் எல்லாம் விளக்கமாய்த்தான் சொன்னனான். ஆர் எங்கடை கதையைக் கேட்கிறது? நீ இதைப் போட்டுக் கிளறாதை."

"கிளறாமல் பிள்ளையைக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. கடவுள் இருக்கிறார்."

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள், என்னை லண்டனுக்கு எடுத்தவள், இந்தக் கலியாணத்தையும் அவளும் அத்தானும்தான் பேசி முடித்தார்கள். அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தப் பெடியன் மேல் முறைப்பாடு எழுதப் போகிறேன் என்று சொலிசிட்டரிடம் போய்க் குதித்தேன். அவர் அவசரப்படவில்லை. பொலிஸ்காரர்கள் நெஞ்சில் கமரா மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், அழிப்பதற்கு முன் அந்த வீடியோவையும் கேளுங்கள் என்றார்.

வீடியோ இருக்கிறது என்ற சந்தோஷத்தை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். "அதெல்லாம் குடுக்க மாட்டாங்கள்," என்றாள். அவளுக்கும் என்னைப் போல மனம் விட்டுப் போய்விட்டது என்று நினைத்து நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

குடுத்தார்கள். சொலிசிட்டரின் அறையில் அதைப் பார்க்க ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வரச்சொல்லியிருந்தார்கள். திருச்சிப் பக்கத்துப் பெண். அவருக்கு என் ஊர் தெரியாது, என் சனம் தெரியாது. அன்றைக்குத் தொலைபேசியில் இப்படி ஒருவர் வந்திருக்கவும் கூடும்.

திரையில் என் குசினி தெரிந்தது. கதிரையில் நான். பக்கத்தில் நிற்கும் அக்காவின் முகத்தைப் புகை பிடித்ததுபோல் மங்கலாக்கி வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆளின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்பது சட்டமாம். குரலில் கை வைக்கவில்லை.

"அவர் என்ரை கழுத்தைப் பிடிச்சுச் சுவரோடை அமத்தினவர்," என்று என் குரல் கேட்டது. "எனக்கு மூச்சு விடேலாமல் போச்சுது. பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள். இஞ்சை இருக்கப் பயமாயிருக்கு எண்டு சொல்லுங்கோ அக்கா."

அக்கா சொன்னாள், நல்ல சரளமான ஆங்கிலத்தில். இவள் சரியாக நித்திரை கொள்வதில்லை. ஊர் நினைப்பு. சின்னச் சண்டை, அவர் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டார், அவ்வளவுதான். கை வைத்தாரா என்று பொலிஸ்காரன் கேட்டான். இல்லை, இல்லை, எங்கள் குடும்பத்தில் அப்படிப் பழக்கமில்லை என்றாள். அன்றைக்கு நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. இப்போது ஒவ்வொன்றும் ஏறியது.

மொழிபெயர்ப்பாளர் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னது ஒண்ணு, இவங்க சொன்னது ஒண்ணுங்க. நான் இதை அப்படியேதான் எழுதணும். இவங்க உங்களுக்கு யாரு?"

"கூடப் பிறந்த அக்கா," என்றேன். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டார்.

மிச்சத்தையும் போட்டார்கள். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று பெடியன் என்னைப் பார்த்துக் கேட்கிறான். உண்மையில் அவன் நல்லவன், என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் மேற்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருக்கிறேன். அக்கா என் பக்கம் குனிந்து, "எல்லாம் சொல்லிட்டன். அவங்கள் பாத்துக்கொள்ளுவாங்களாம். ஓமெண்டு தலையாட்டு," என்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அதோடு விட்டேனா? கதிரையிலிருந்து எழும்பி, இரண்டு கையையும் கூப்பி, அந்தப் பெடியனுக்கு "தாங்க் யூ" சொல்கிறேன். பிறகு அக்காவின் தோளில் சாய்ந்து அழுகிறேன். அவள் என் தலையைத் தடவுகிறாள். அந்தத் தடவலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டனுக்குப் போனேன். அக்கா மறுக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த நேரம். பொலிஸ் கேஸ் எண்டு தெரிஞ்சால் மாப்பிள்ளைப் பகுதி திரும்பியும் பாத்திருக்காது. ரெண்டு மூண்டு கிழமை பொறுத்தால் எல்லாம் சரியாகும் எண்டு நினைச்சன்."

பிள்ளை என்றது தன் மகளை. கலியாணம் நன்றாக நடந்தது. நான்தான் ஆரத்தித் தட்டுப் பிடித்தேன், கழுத்துச் சங்கிலிக்குப் பக்கத்தில் அவருடைய நகம் பட்ட தழும்போடு.

"நான் சுவரோடை செத்திருந்தால் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். "அந்த வீடியோவைக் கோர்ட்டுக்குக் குடுக்காதை," என்றாள். "நான் பொலிஸுக்குப் பொய் சொன்னதெண்டு வரும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சால் அவளின்ரை சீவியம் என்னாகும்? வேறை ஏதும் சான்று தேடு. நான் உனக்காக வந்து சாட்சி சொல்லுறன்."

அக்கா எனக்காகச் சாட்சி சொல்வதைத்தான் திரையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எழும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் சொலிசிட்டரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீடியோவும் மொழிபெயர்ப்பும் நீதிமன்றத்துக்குப் போயின. அரசாங்கச் செலவில் எனக்கு வக்கீல் கிடைத்தார். வழக்கு முடியும்வரை பிள்ளை என்னோடு இருக்கலாம் என்று நீதிபதி சொன்னார்.

அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா அழுதுகொண்டு சொன்னாள், "கூடப் பிறந்தவளைக் காட்டிக் குடுத்திட்டாய்."

எங்கள் சனத்துக்கு இதைவிடப் பெரிய வசவு இல்லை. யுத்த காலத்தில் இந்த ஒரு சொல்லுக்காக ஊரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதை என்னைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு நாக்கு வந்தது. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா," என்றேன். "பிள்ளையைக் குடுக்க ஏலாது. உங்களைக் குடுத்திட்டன்."