மஞ்சள் கொடியும் ஒயர் கூடையும்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பெங்களூருக்குள்ளேயே ஒரு பயணம் போய்வந்தேன். கடல் இல்லாத ஊரில் கப்பல் சமாச்சாரம் தேடிப் போன கிறுக்கன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சென்னைத் துறைமுகத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கிருஷ்ணராஜபுரத்தில் மகன் வீட்டில் வாசம். அந்நாளில் எங்கள் படகை ஓட்டிய நண்பர் போன் செய்து, ஒரு காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த முனுசாமி ஜீவனஹள்ளியில்தான் இருக்கிறார் என்று விலாசம் சொன்னார். அதற்கப்புறம் மனசு இருப்புக்கொள்ளவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். வெளிநாட்டுக் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நாங்கள் படகில் போய் நூலேணி ஏறி, நோயாளி உண்டா, எலி உண்டா, குடிநீர் சுத்தமா என்று பார்த்துச் சரி என்றால்தான் யாரும் கரையில் கால் வைக்கலாம். அன்றைய சரக்குக் கப்பலில் எல்லோரும் நலம் என்று கேப்டன் எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பும்போது ஓர் அறைக் கதவில் காய்ந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்தேன். வேறு ஊர்க்காரர் என்றால் ஏதோ அலங்காரம் என்று தாண்டிப் போயிருப்பார். கதவைத் திறந்தால், ஒரு மாலுமிக்கு உடம்பெல்லாம் அம்மை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர்தான் முனுசாமி. வீட்டிலிருந்து பெட்டியில் எடுத்துப்போன வேப்பிலையைப் பக்தியோடு கட்டி, மறைத்து வைத்த நோயாளியை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

டாக்டர் வந்து பார்த்து, கப்பலைப் பத்து நாள் நிறுத்திவைத்தார். காய்கறி கொண்டுபோனால் மேலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். மூன்றாம் நாள் அந்தக் கூடையில் ஒரு கடிதம் வந்தது. சம்சாரத்துக்கு இதுதான் மாசம், தபாலில் போட்டுவிடுங்கள் என்று முனுசாமி மேலே நின்று கேட்டார். நோய்க் கப்பல் காகிதத்தைத் தொட மாட்டேன் என்று கூடையோடு திருப்பி அனுப்பினேன். அப்படி ஒரு விதியே கிடையாது. எங்களை ஏமாற்றப் பார்த்தார்களே என்ற எரிச்சல், அவ்வளவுதான். அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது என்று பிறகு படகுக்காரர் சொன்னார்.

காலை 9.40க்கு மெட்ரோ ஏறி 10.05க்கு அல்சூரில் இறங்கினேன். டிக்கெட் ஐம்பது ரூபாய். அங்கிருந்து பிரேசர் டவுன் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மீட்டர் போடாமல் நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பிளேக் வந்த பிறகு நெரிசலைக் குறைக்க அகலத் தெருக்களோடு உருவான பேட்டை இது என்று அவரிடம் என் தொழில் அறிவைக் காட்டினேன். “வண்டி நிறுத்த எடமில்ல, அகலமாம்” என்றார். அங்கே ஒரு பேக்கரியில் டீ குடித்து, ரஸ்க் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு இருபத்தைந்து நிமிடம் நடந்தேன். முன்கூட்டிப் போன் செய்யவில்லை. வராதே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குறுகலான மாடி வீடு. கேட்டில் பச்சை வேப்பிலை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாடியிலிருந்து நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மஞ்சள் கொடி என்றதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“பேரனுக்கு அம்மா வந்திருக்கு சார். அன்னைக்குப் பொறந்தாளே, அவ புள்ள. உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப மேல வராதீங்க. இந்த வயசுல தாங்காது.”

நடுத்தெருவில் அண்ணாந்து நின்றேன். ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. மெட்ரோவில் மனப்பாடம் செய்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “அந்த லெட்டரை நான் வாங்கியிருக்கணும்” என்றேன்.

அவர் “ஆமா சார். வாங்கியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கதை முடிந்தது என்று நினைத்து ரஸ்க் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டினேன். அப்போது மேலிருந்து நைலான் கயிற்றில் ஓர் ஒயர் கூடை ஆடி ஆடி இறங்கியது. உள்ளே டாக்டர் சீட்டு. அரிப்புக்குத் தடவும் மருந்து எழுதியிருந்தது.

“வீட்ல வேற ஆள் இல்ல. இத வாங்கிட்டு வந்துடுறீங்களா?” என்றார்.

சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கண் கலங்கியது உண்மை. மருந்தோடு இரண்டு இளநீரும் வாங்கி வந்து கூடையில் வைத்தேன். கயிற்றை இழுத்துக்கொண்டே முனுசாமி சொன்னார்: “புள்ளைக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தட்டும் சார். அப்புறம் வாங்க, மேல வந்து சாப்பிட்டுப் போகலாம்.”

பிரேசர் டவுன், ஜீவனஹள்ளிப் பக்கம் நடக்க நினைப்பவர்கள் காலை பத்து மணிக்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பலாம். ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆளைத் தேடிப் போனால், கேட்டில் வேப்பிலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளியிலேயே நில்லுங்கள். மேலிருந்து கூடை இறங்கினால், அதில் என்ன இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.