விசிறியைக் கழற்றிப் பம்பு மாட்டிய படகு

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூட்டம், காற்று இல்லை, மழை நின்று நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஆவடியில் எங்கள் தெருவை ஒட்டிய ஏரியில் படகை இறக்கினோம். நானும், பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் என்னோடு முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த டர்னரும். அவர் கரையான்சாவடிக்காரர், ஓய்வு பெற்ற பிறகு அங்கே ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

படகு தெருச் சங்கத்துடையது. பெருமழை வந்தால் என் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை, நான் நடந்து எண்ணிய எண்ணூற்றுப் பன்னிரண்டு எட்டுத் தூரத்துக்கும் தண்ணீர் நிற்கும். என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு நூற்றைம்பது எட்டு தூரம் போவதற்குள் யார் வீட்டுத் துணிக்கொடியோ எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அறுத்தெடுத்துவிட்டுக் கிளம்பினால், மூழ்கிக் கிடந்த ஸ்கூட்டரில் இடித்து விசிறியின் ஓர் இதழ் உடைந்தது. மழையில் ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அன்று ஆஸ்பத்திரி போக முடியவில்லை. மறுநாள் அவள் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு. இன்னொரு முறை அப்படி எண்ண என்னால் ஆகாது.

அதனால்தான் இந்த வேலை. விசிறியும் கியர் பெட்டியும் உள்ள அடிப்பகுதியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பம்பை மாட்டுவது. அது சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த விசையில் படகு முன்னே போகும். வெளியே சுழல்வது எதுவும் இல்லை. முழங்கால் தண்ணீர் போதும். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். எண்ணூற்றுப் பன்னிரண்டு எட்டுக்கு எதற்கு வேகம்?

காசிமேட்டில் பழைய பம்பு செட் ஒன்று கிடைத்தது. மாட்டப் பதினொரு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள் உப்பேறி இறுகிப்போன ஒரே ஒரு போல்ட்டுக்கு. பம்பின் வாய் படகின் அடித்தளத்தோடு சரியாக வர வேண்டும் என்பதால், பின்பலகைமேல் கட்டை வைத்து எஞ்சினை ஏழு அங்குலம் உயர்த்தினோம்.

பிசகியது ஒரே இடத்தில்தான். பம்புக்குள் சுழலும் சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? நான் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். தளர்வாக எதைக் கண்டாலும் கை உறுத்தும். கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்தேன்.

"அண்ணாத்தே, நீ இன்னா பீரங்கியா செய்யற? ஏரித் தண்ணியில மண்ணு கீது. கொஞ்சம் எடம் உடு" என்றார் டர்னர்.

இடம் விட்டால் ஆட்டம் வரும், ஆட்டம் இருந்தால் ரிஜெக்ட் என்று சொன்னேன். வீட்டில் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டினேன். சத்தமே இல்லாமல் ஓடியது. அவரும் விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு காலை ஏரியில் தொண்ணூறு விநாடி ஓடியது. பிறகு அம்மியில் கல் அரைபடுவதுபோல ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து திறந்து பார்த்தோம். சுவரில் ஆறு கீறல்கள், இடுக்கில் மணல்.

"முப்பது வருசமா என் வேலைக்கு எத்தினி ரிஜெக்ட் போட்டிருப்ப? இன்னிக்கு ஏரி உனக்கு ஒண்ணு போட்டுகீது" என்றார். சிரிக்கவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

சக்கரத்துக்கு மேலே இருந்த வாஷர்களில் இரண்டை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் மாட்டினேன். சக்கரம் சற்று மேலேறியது; சுவர் மேலே போகப் போக அகலும் என்பதால் இடைவெளி முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டியது. இந்த முறை கொஞ்சம் கரகரப்போடு ஓடியது. ஆனால் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. ஆகாயத்தாமரைக்குள் வேண்டுமென்றே விட்டேன். சல்லடை அடைத்தது. எஞ்சினை நிறுத்தியதும் பாதி தானாக விழுந்தது; மீதியைக் கையால் எடுத்தேன். இனி பயமில்லை என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தெருவில் தொடையளவு தண்ணீர். மனைவியைப் படகில் உட்காரவைத்துக் குடை பிடிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மதில் அருகே துணிக்கொடி ஒன்று மிதந்தது. அதன் மேலேயே ஓட்டினேன். படகுக்கு அடியில் போய்ப் பின்னால் வெளியே வந்தது.

"ஏங்க, எண்ணாம ஓட்டுங்க" என்றாள்.

வாய்விட்டு எண்ணியதை நிறுத்தி மனசுக்குள் எண்ணினேன். நான்கு நிமிடம் நாற்பது விநாடி. ஒன்பதரை மணிக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஒன்பது ஐந்துக்கே ஆஸ்பத்திரியில் இருந்தோம். பம்பு செட், கட்டை, போல்ட், பெட்ரோல், மெயின் ரோட்டிலிருந்து பிடித்த ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எழுபத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.