எங்க ஆறு காணி

போளூர்ல ஒரு மெஸ்ஸுல வேல செய்யறேன். காலையில போனதும் மொத வேல, இஞ்சி பூண்டு உரிச்சி பச்ச மொளகாயோட மிக்சியில போட்டு அரைக்கிறது. அந்த வாசன கெளம்புனா எல்லாருக்கும் பசி எடுக்கும். சாப்புட ஒக்காந்துக்கினு இருக்கறவங்க அடுப்பாண்ட எட்டி எட்டிப் பாப்பாங்க. எனக்கு மட்டும் அவரக்கொடி ஞாபகம் வரும். அதுல மொய்ச்ச செடிப்பேனு ஞாபகம் வரும். அப்பால சிரிப்பு வரும். நேத்து கூட அப்பிடித்தான், மிக்சிய ஓடவுட்டுட்டு தனியா சிரிச்சிக்கினு நின்னேன். "இன்னாம்மா, மிக்சி ஜோக்கு சொல்லுதா?"ன்னாரு மாஸ்டரு. அவருகிட்ட சொல்ல முடியாதுங்க. சொன்னா நான் அரைக்கிற மசாலாவ அடுப்பாண்டயே சேக்க மாட்டாரு. உங்ககிட்ட சொல்றேன்.

எங்க வூடு மேல, ஜவ்வாது மலையில. வூட்டுக்குப் பின்னால கொஞ்சூண்டு எடம். நாலு கட்டில் போட்டா ரொம்பிப் போவும். அதுலதான் நானும் எங்க அண்ணியும் தோட்டம் போட்டோம்.

அண்ணின்னா எங்கண்ணன் பொண்டாட்டி. படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன எங்கண்ணன், கரும்ப வெட்டிப் போட்டுட்டு அண்ணிய இட்டாந்துடுச்சு. எங்கம்மாவுக்கு அது புடிக்கவே இல்ல. கீழ்நாட்டுக்காரி எம்புள்ளைக்கி மருந்து வெச்சிட்டான்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லும். சோத்துல எதையோ கலந்து குடுத்து ஆம்பளைய மயக்கறதுக்கு எங்க பக்கம் மருந்துன்னுதான் பேரு. செடிக்கி அடிக்கிறதும் மருந்துதான். காய்ச்சலுக்கு முழுங்கறதும் மருந்துதான். இத்தினிக்கும் ஒரே வார்த்தைய வெச்சிக்கினு நாங்க பட்டபாடு இருக்குதே, அதத்தான் சொல்ல வர்றேன்.

அதுக்கு முன்ன இன்னொரு வார்த்த இருக்குது. மகளிர் குழு மீட்டிங்குக்கு கீழ இருந்து ஒரு மேடம் வந்தாங்க. வூட்டுக்குப் பின்னாலயே காய்கறி போடுங்க, மருந்து வாணாம், ஒரம் வாணாம், எல்லாரும் ஆர்கானிக் பண்ணுங்கன்னு பேசிக்கினே இருந்தாங்க. நான் படிச்சது கொஞ்சம்தான். என் காதுல வுழுந்தது ஆறு காணி. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எழுந்து நின்னு, "மேடம், எங்களுக்கு அரைக் காணி கூட கெடையாது. ஆறு காணிக்கி எங்க போறது?"ன்னு கேட்டுட்டேன். மேடம் முழிக்கிறாங்க. பக்கத்துல பாத்தா அண்ணி முந்தானிய வாயில வெச்சி அடச்சிக்கினு குலுங்குது. அன்னிலேர்ந்து பொழக்கடைக்கிப் பேரே ஆறு காணின்னு ஆயிடுச்சு. "இன்னா நாத்தனாரே, ஆறு காணியில கத்திரி பூ வுட்ருக்குதா, போய் ஒரு சுத்து சுத்திட்டு வா, இருட்டறதுக்குள்ள வந்துடு"ன்னு சொல்லும். சுத்திட்டு வர்றதுக்கு ஒரு கொட்டாவி நேரம் ஆவாது.

அண்ணிக்கி அதுல அவ்ளோ ஆச வந்ததுக்குக் காரணம் இருக்குது. அவங்கப்பா கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்து அடிக்கும்போது இதுதான் தண்ணி தூக்கிக் குடுக்குமாம். அன்னிக்கிப் பூரா கையில அந்த நாத்தம் போவாதாம். சோத்துல கைய வெச்சா கொமட்டுமாம். மலைக்கி வந்ததுல எனக்குப் புடிச்சது உங்கண்ணன் இல்ல, மருந்து வாசன இல்லாத இந்தக் காத்துதான்னு அண்ணன் எதிர்லயே சொல்லும். அண்ணனும் தலைய ஆட்டிக்கினு கேட்டுக்கும்.

எங்களுக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. மண்ணுல சாணியும் எலச்சருகும் கொட்டுனோம், பாத்திரம் கழுவுன தண்ணிய வுட்டோம். அதுக்கே கீர தள்ளிக்கினு வந்துடுச்சு. பரங்கிக்கொடி கூரமேல ஏறிடுச்சு. அம்மா வாசல்ல நின்னுக்கினு, இவளுக போட்ட கொடி ஒருநா வூட்டயே இழுத்துக்கினு போவப் போவுதுன்னு சொல்லும். ஆனா கொழம்புக்கு பரங்கிக்கா வேணும்னா மொத ஆளா ஏணி போட்டு ஏறும்.

அந்த வருசம் அண்ணன் கொடகு எஸ்டேட்டுல காபிக்கொட்ட பறிக்கப் போயிருந்துச்சு. பொங்கலுக்கு முன்ன வந்துச்சு. வந்த கையோட ஒரு டெம்போவுல ஹாலோ பிளாக் கல்லு எறக்கிடுச்சு. பொங்கல் முடிஞ்சதும் பின்னால ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டப் போறேன், செடியெல்லாம் எடுத்துடுங்கன்னுச்சு. அண்ணிக்கி மூஞ்சி செத்துப் போச்சு. அப்பதான் அவர பூவெடுக்குது. அத மட்டுமாச்சும் வுட்டுடுன்னு அண்ணி கேட்டா, அண்ணன் கொடியப் புடிச்சித் திருப்பிக் காட்டுச்சு. தண்டு தெரியாம கறுப்பா பேனு அப்பிக்கினு இருக்குது. "இதயா வெச்சிக்கிறேன்ற? போளூர்ல மருந்து வாங்கி அடி, இல்லன்னா புடுங்கிப் போடு"ன்னுச்சு.

அண்ணி வுடல. "மருந்து அடிக்காம இந்தப் பேன எறக்கறேன். பொங்கலுக்கு ஒன் எலையில அவரக்கா வெக்கிறேன். வெச்சா ரூம அந்தாண்ட பக்கம் கட்டு"ன்னு சொல்லிச்சு. அண்ணன் சரின்னுச்சு. அதுக்கு நம்பிக்கையே இல்ல, சும்மா சொல்லிச்சு.

மொதல்ல சாம்பல் தூவுனோம். காத்து திரும்பி அடிச்சி எங்க ரெண்டு பேரையும் சாமியாராக்கிடுச்சு. பேனு அப்பிடியே இருந்துச்சு. அப்பறம் மோர நல்லா புளிக்க வெச்சித் தெளிச்சோம். ஏணி மேல நின்னு நான் தெளிக்க, கீழ நின்ன அண்ணி தலையெல்லாம் மோரு. ரெண்டு நாளு அண்ணன் அந்தாண்ட மூஞ்சிய திருப்பிக்கினு படுத்துச்சாம். அதயும் எங்கிட்ட வந்து சொல்லி சிரிக்கிது. பேனு கொஞ்சம் எறங்குன மாதிரி இருந்துச்சு, மறுபடி ஏறிடுச்சு.

அப்பால மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இஞ்சி, பூண்டு, பச்ச மொளகா மூணையும் அரைச்சி, மாட்டுக் கோமியத்த ஊத்தி, ஒரு ராத்திரி ஊற வெச்சி, வடிகட்டித் தெளிக்கணும். கோமியம் புடிக்கிற வேல எனக்கு. விடிகாலம் சொம்ப எடுத்துக்கினு மாட்டுக்குப் பின்னால நிக்கிறேன், நிக்கிறேன், அது திரும்பித் திரும்பி என்னப் பாக்குது, ஒண்ணும் ஆவல. அண்ணி சாணி வாரிக்கினே, "ஏய், அதுக்கு வெக்கமா இருக்குது, அந்தாண்ட திரும்பிக்க"ங்குது. திரும்புனேன். அந்த நேரம் பாத்து ஊத்துச்சு பாருங்க, சொம்புல பாதி, என் பாவாடையில பாதி.

அண்ணி அம்மியாண்ட ஒக்காந்து வழுவழுன்னு அரைச்சி ஒரு சில்வர் குண்டான்ல வழிச்சி வெச்சிச்சு. சொம்பு பக்கத்துல இருந்துச்சு. நான் கெளம்பிட்டேன், அண்ணி கொஞ்ச நேரம் கழிச்சி வந்துச்சு, ரெண்டு பேரும் மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போயிட்டோம். வெளிய வெச்சா கோழி தட்டி வுட்ரும்னு குண்டான அடுப்பங்கரையில வெச்சி மூடிட்டு வந்தேன்னுச்சு.

இங்க அம்மா கருவாட்டுக் கொழம்பு வெக்கிது. மூடியத் தொறந்து பாத்துருக்குது. அட, நாம சொல்லாமயே மருமக மசால அரைச்சி வெச்சிருக்கறான்னு அவ்ளோத்தையும் கொட்டிடுச்சு. கருவாட்டு வாசனையில வேற எந்த வாசன தெரியப் போவுது.

நாங்க புல்லுக்கட்டோட வந்து சேந்தப்ப அண்ணன் மூணாவது தரம் சோறு போட்டுக்கினு இருந்துச்சு. மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி, நிறுத்தல. அம்மாவும் சாப்ட்டு முடிச்சி ஏப்பம் வுட்டுக்கினு இருந்துச்சு. அண்ணி உள்ள போய் குண்டானப் பாத்துச்சு. கழுவிக் கவுத்து வெச்சிருக்குது. நான் ஓடிப்போய் சொம்பப் பாத்தேன். அது அம்மியாண்டயே கவுந்து கெடக்குது, கீழ மண்ணு ஈரமா இருக்குது. கோழி தட்டி வுட்டுதா, அண்ணி ஊத்திட்டு மீதிய கொட்டுச்சா, ஒண்ணும் புரியல. அண்ணி காதுல போய், ஊத்துனியான்னு கேட்டேன். அது வாய்மேல வெரல வெச்சிச்சு.

ஏன்னா அந்த நேரத்துல அம்மா ஒண்ணு சொல்லுச்சுங்க. அண்ணி வந்ததுலேர்ந்து அம்மா வாயில வராதது. "கீழ்நாட்டுக்காரியா இருந்தா இன்னா, மசால நல்லா அரைக்கிற"ன்னுச்சு. அண்ணிக்கி கண்ணு கலங்கிடுச்சு. காரம்னு சொல்லி சமாளிச்சிச்சு. அது ஒரு வாய் கூட துன்னல, அத யாரும் கவனிக்கல.

மறுநாளு இன்னா நெனச்சிதோ அண்ணன், பொழுது வுடிஞ்சதும் மூங்கில் வெட்டியாந்து அவரைக்குப் பந்தல் கட்டுது. நாங்க மறுபடி அரைச்சி, இந்தத் தபா மாட்டுக் கொட்டாயிலயே ஊற வெச்சி, கொடிக்கே அடிச்சோம். பேனு உதுந்துச்சு. பொங்கலன்னிக்கி அண்ணன் எலையில அவரக்கா பொரியல். துன்னுட்டு, எழுந்து போய் கல்லெல்லாம் அந்தாண்ட பக்கம் தூக்கிப் போட்டுச்சு.

நான்தான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம, அன்னிக்கி கொழம்புல போட்டது பூச்சி மருந்துன்னு ஒளறிட்டேன். ஒடனே அம்மா, "நான் மொத நாளே சொன்னேன் இல்ல, மருந்து வெச்சிட்டான்னு. இப்ப அவ அரைக்க, என் கையாலயே வெச்சிருக்கறேன்"ன்னுச்சு. அண்ணன் சிரிச்ச சிரிப்புல கூரமேல இருந்த காக்கா பறந்துடுச்சு. அதுக்கப்பறம் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். கோமியம் ஊத்துனதா, ஊத்தாததா? அதட்டிக் கேக்கும், கொஞ்சிக் கேக்கும், காபி போட்டுக் குடுத்துக் கூட கேக்கும். அண்ணி, "சொல்ல மாட்டேன் அத்த"ங்கும். அதுக்காகவே அம்மா அதுங்கூட ஒக்காந்து பேச ஆரம்பிச்சிச்சு. பேச்சு வளந்து, ரெண்டும் ஒண்ணா களை புடுங்க ஆரம்பிச்சிச்சு.

போன மழையில அண்ணிக்கிக் காய்ச்சல் வந்துச்சு. போளூர்ல காட்டுனோம், அங்கிருந்து திருவண்ணாமலைக்கி எடுத்துக்கினு போனோம். கையில ஊசி, பாட்டில்ல மருந்து, வாயில மாத்தர. அதுலயும் அதுக்குக் கிண்டல். "ஆறு காணிக்கி ஒரு சொட்டு வுடல, அதெல்லாம் சேத்து எனக்கு ஊத்தறாங்க பாரு"ன்னுச்சு. அத சிரிக்க வெக்கலாம்னு நானும் கேட்டேன், இப்பவாச்சும் சொல்லு அண்ணி, ஊத்துனியா இல்லியா? "வூட்டுக்கு வந்து சொல்றேன்"ன்னுச்சு.

வரல.

அப்பறம் நான் மலையில இருக்க முடியாம இங்க வேலைக்கி வந்துட்டேன். லீவு குடுத்தா போவேன். தோட்டம் அப்பிடியேதான் இருக்குது, அம்மா பாத்துக்குது. அண்ணன் கூட ஒரு செடிய தொட முடியாது, கத்தும். என்னப் பாத்தா சோறு துன்னியான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அவ உன்கிட்ட சொன்னாளா, மறைக்காத, சொல்லுன்னு கேக்கும். சொல்லலன்னா நம்பாது.

போன தபா போயிருந்தப்ப அம்மா கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்துச்சு. இஞ்சி, பூண்டு, பச்ச மொளகா அரைச்ச அதே வாசன. நாங்க யாரும் கேக்கல, அதுவாவே வெச்சிருக்குது. அண்ணன் ரெண்டாவது தரம் போட்டுக்கிச்சு. கண்ண தொடச்சிக்கிச்சு. அப்பறம் தலைய நிமுத்தாம கேட்டுச்சு.

"யம்மா, ஊத்துனியா?"

"சொல்ல மாட்டேன்"ன்னுச்சு அம்மா.

சிரிச்சிட்டோம். மூணு பேரும் நல்லாவே சிரிச்சோம். சிரிச்சிக்கினே பொழக்கட வாசப்படியத் திரும்பிப் பாத்தோம். அங்க முந்தானிய வாயில அடச்சிக்கினு குலுங்கறதுக்கு யாரும் இல்ல.