கிளா காய்க்குமா, வேலிக்குப் போகுமா

குளக்கட்டுப் பக்கம் பற்றை வெட்டும்போது அந்தக் கட்டையைக் கண்டேன். அடி என் மணிக்கட்டுத் தடிப்பு. உயரம் ஒரு சாண். மாடு கடித்துக் கடித்துத் தானாகவே குட்டையாகியிருந்தது.

கூட நின்றவன் மச்சான், மனைவியின் தம்பி.

"காரை முள்ளு அத்தான். எறியுங்கோ."

இலை ஒன்றைக் கிள்ளினேன். பால் வந்தது. காரையில் பால் வராது. இது கிளா, பழம் தின்னலாம். வேரோடு கிண்டி எடுத்தேன்.

மகள் தொலைபேசியில் போன்சாய் காட்டியிருந்தாள். பார்த்ததை வைத்துச் செய்தேன். பெரிய வேரை வெட்டி, பழைய தாச்சிச் சட்டியில் ஓட்டை போட்டு நட்டேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வேலியில் ஒரு பொட்டு, பெரிய ஓட்டை. ஆடு அதற்குள்ளால்தான் வரும்.

"அதை அடைக்கிற முள்ளைச் சட்டியில வைச்சுத் தண்ணி ஊத்துறார். இஞ்சேருங்கோ, அடுத்த விதைப்புக்குள்ள காய்க்காட்டி இது வேலிக்குத்தான்."

"ஓம்" என்றேன்.

மாரியில் வயலுக்கு யூரியா எறிந்தோம். மிஞ்சியதில் ஒரு பிடியை மச்சான் சட்டியில் போட்டுவிட்டான்.

"ஏனடா?"

"பாவம் அத்தான், வளராமல் நிக்குது."

தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். சாகவில்லை. ஆனால் கொப்புகள் முழ நீளத்துக்கு ஓடின. எல்லாம் இலை. வெட்டக் கை பரபரத்தது. வெட்டவில்லை. கிளா நுனியில்தான் பூக்கும். நுனி போனால் காயும் போகும். வடிவு பிறகு பார்க்கலாம்.

"சீப்பால தலை இழுக்காத பிள்ளை மாதிரி நிக்குது" என்று மனைவி சிரித்தாள்.

சித்திரை மழைக்குப் பூத்தது. வெள்ளைப் பூ, நல்ல வாசம். காய் பிடித்தது. பச்சை, சிவப்பு, பிறகு கறுப்பு. குருவி வரத் தொடங்கியது. ஒரு நாள் காலை பார்த்தால் மரத்துக்கு மேல் பழைய நுளம்பு வலை.

"ஆர் மூடினது?"

"பின்னை, குருவி திண்டுட்டுப் போகட்டும் எண்டு விடுறதே?"

பழுத்ததை மனைவியே பிடுங்கினாள். மச்சானுக்கும் கொடுத்தாள்.

"என்ர யூரியாவாலதான் காய்ச்சது, அக்கா."

"உன்ர யூரியாவால ஓடினது கொப்பு. வாயை மூடிக்கொண்டு தின்."

விதைப்புக் காலம் வந்தது. நீண்ட கொப்புகளைக் குறைக்கக் கத்தியோடு சட்டியடிக்குப் போனேன். மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"அதில கை வையாதேங்கோ! வேலி அடைக்கக் காட்டில வேற முள்ளு இல்லையோ?"

நான் கொப்புக் குறைக்க வந்ததைச் சொல்லவில்லை. காட்டுக்குப் போய் முள் வெட்டி வந்து பொட்டை அடைத்தேன்.